அக்கா கண்ட பனிமூட்டம்

ஊரில் எந்தத் தெருவில் வண்டியைத் திருப்பினாலும் ஒரு கணம் அக்கா தெரிவாள். அவள் முகமோ கையோ தெரியாது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே துறைமுகத்தின் மூன்றாம் எண் கிரேன் தெரியும், அதன் நீண்ட கையின் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடிக் கேபின் தொங்கும். அதற்குள்தான் அக்கா உட்கார்ந்திருப்பாள். நான் டாக்ஸி ஓட்டுகிறவன். சவாரி ஏறுகிறவர்களிடம், “அதோ, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது எங்க அக்கா” என்பேன். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர், “பயமா இருக்காதா?” என்று கேட்பார்கள்.

அவளுக்குப் பயம் கிடையாது. சின்ன வயதிலேயே ஏதாவது ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டால் காதில் விழாதவள் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனவள், ஆறு வருஷம் கழித்து, நானும் கிரேன் பழகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். சிரித்தார்கள். பழகிவிட்டாள். பதினாலு வருஷமாக அந்தக் கேபினில் இருக்கிறாள். அங்கே எல்லோரும் அவளை ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “மேகம் மேல போயாச்சா?” என்று காலையில் கேட்டுக்கொள்வார்கள்.

கேபினின் தரையும் கண்ணாடி. அவள் முன்னால் குனிந்து, தன் இரண்டு பாதங்களுக்கு நடுவே கீழே பார்ப்பாள். நாற்பது மீட்டர் ஆழத்தில் கப்பலின் வயிறு திறந்து கிடக்கும். இரண்டு கையிலும் இரண்டு பிடி. இரும்புச் சட்டத்தை இறக்கி, கன்டெய்னரின் நாலு மூலையிலும் பொருத்தி, தூக்கி, கரைக்குக் கொண்டுவந்து, காத்திருக்கும் லாரியின் முதுகில் பூ வைப்பதுபோல வைப்பாள். ஒரு மணி நேரத்துக்கு முப்பது பெட்டி.

“மேல இருக்கும்போது எனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருக்கும்டா. கண்ணும் ரெண்டு கையும் மட்டும்தான்” என்பாள் என்னிடம்.

எனக்கும் அப்படித்தான். ஸ்டியரிங் முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்தால், இடுப்புக்குக் கீழே எதுவும் இருப்பதாகவே தோன்றாது. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே நாற்பத்து நாலைத் தொட்டவன். அக்கா வீட்டு மாடியறையில்தான் வாசம். சாப்பாடு கீழே அவளோடும் மாமாவோடும். மாமா ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். வேலை முடிந்து வரும்போது காகிதப் பை நிறையக் கிரீம் பன்னும் கேக் துண்டுகளும் வரும். அதிகம் பேசாத மனிதர். ஆசை, கோபம், மன்னிப்பு எல்லாவற்றையும் அந்தப் பையில் போட்டுத்தான் கொடுப்பார். அக்காவுக்கு என்று ஓரமாகச் சர்க்கரை தடவிய பன் ஒன்று எப்போதும் தனியாக இருக்கும்.

அந்த வருஷம் கோடை முடியும் சமயத்தில் அக்காவுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சாதாரணத் தாகம் இல்லை. இரண்டு லிட்டர் பாட்டிலோடு மேலே போவாள். பத்து மணிக்குள் அது காலி. குடித்தால் இறங்க வேண்டுமே! கேபினில் அதற்கு வசதி கிடையாது. கிரேனை நிறுத்தி, இரும்பு நடைபாலத்தில் நடந்து, கூண்டு லிஃப்டில் நாலு நிமிஷம் இறங்கி, கழிப்பறைக்குப் போய், மறுபடி நாலு நிமிஷம் ஏற வேண்டும். முன்பெல்லாம் ஒரு ஷிப்டில் ஒருமுறை இறங்குவாள். இப்போது நாலு முறை. கீழே நின்று வாக்கி டாக்கியில் வழிசொல்லும் கொடிக்காரர், “என்ன மேகம், இன்னைக்கு மழை ஜாஸ்தியா இருக்கு?” என்று கேலி செய்தார். அக்காவும் சிரித்துவிட்டாள்.

கூடவே உடம்பு இளைத்தது. மூன்று மாதத்தில் ஏழு கிலோ. அக்கம்பக்கத்தில், “என்ன மருந்து சாப்பிடுறீங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்” என்று கேட்டார்கள். அக்கா கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மாமா அவள் பெல்ட்டில் ஆணியால் இரண்டு புதுத் துளை போட்டுக் கொடுத்தார். வேலை விட்டு வந்ததும் அசதியில் சாய்ந்துவிடுவாள். வயசாகிறது, நாற்பத்தெட்டு ஆனால் பெண்களுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாங்களும் தலையாட்டினோம்.

பிறகு அந்தக் காலை வந்தது. அன்று நடந்ததை அக்காவும் சொல்லியிருக்கிறாள், கொடிக்காரரும் சொல்லியிருக்கிறார்.

மணி பத்து இருக்கும். கப்பலில் பாதிப் பெட்டி இறங்கியாகிவிட்டது. அக்கா குனிந்து பார்த்தாள். சிவப்பு, நீலம், பச்சைப் பெட்டிகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்து, ஈரத் தாளில் சாயம் ஊறியதுபோல் கிடந்தன. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. எல்லாம் மெத்தென்று, வெள்ளையாக இருந்தது. ரொம்ப அழகாக இருந்ததாம். கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

“கீழ பனி இறங்கிடுச்சு போலிருக்கே?” என்றாள் வாக்கி டாக்கியில்.

“பனியா? வெயில் மண்டையைப் பொளக்குதக்கா!”

“கப்பல் மேல மட்டும் இருக்கோ?”

“கப்பல் பளிச்சுனு இருக்கு. அக்கா, விளையாடுறீங்களா?”

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பனி அங்கேயே இருந்தது. சட்டத்தின் பிடியில் இருபது டன் பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே லாரிக்காரர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“லாரியை நகரச் சொல்லுங்க. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க” என்றாள். “நீங்க சொல்லச் சொல்ல நான் இறக்குறேன். எனக்கு ஓரம் தெரியல.”

கொடிக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: “அந்த ஒரு நிமிஷம் என் குரலையே புடிச்சுக்கிட்டு இறக்கினாங்க தம்பி. இன்னும் ரெண்டடி, ஒரு அடி, மெதுவா, மெதுவான்னு. பெட்டி தரையைத் தொட்ட சத்தமே கேக்கல.” அதன் பிறகு அக்கா கிரேனைப் பூட்டினாள். மேற்பார்வையாளரிடம், “என் கண் சரியில்ல. இனிமே இன்னைக்கு ஏறமாட்டேன்” என்றாள். மறைத்திருக்கலாம். ஒரு வாரம்கூட ஓட்டியிருக்கலாம். அவள் மறைக்கவில்லை.

எனக்குப் போன் வந்ததும் மாமாவை பேக்கரியிலிருந்து ஏற்றிக்கொண்டு துறைமுக மருத்துவமனைக்கு ஓடினேன். மாமா மாவுக் கையோடு வந்திருந்தார். நர்ஸ் அக்காவின் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு. மெஷின் கோளாறோ என்று இன்னொரு விரலிலும் குத்தினார். முந்நூற்றுப் பத்து.

டாக்டரம்மா இளம் வயதுக்காரர். அவசரப்படாமல் பேசினார். “தாகம், அடிக்கடி பாத்ரூம், எடை குறையுறது, இதெல்லாம் எவ்வளவு நாளா?”

அக்கா சொன்னாள்.

“பிள்ளை உண்டாகியிருக்கும்போது சுகர் இருந்துதா?”

அக்கா யோசித்தாள். “பொண்ணு வயித்துல இருக்கும்போது இருந்துது. அவ பொறந்ததும் போயிடுச்சு. அதுக்கு இருபத்தோரு வருஷம் ஆச்சே.”

“போயிடுச்சுதான். ஆனா வந்த வழி அதுக்குத் தெரியும். பிரசவம் ஆகி ஆறு வாரத்துல ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷமோ, மூணு வருஷத்துக்குள்ளயோ பார்த்துக்கிட்டே இருந்திருக்கணும். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

“கையில குழந்தையைக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நான் எதைக் கேட்டேன்?” என்றாள் அக்கா.

டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். “நீங்க இறக்குற பெட்டியெல்லாம் கரையிலேயே நின்னா என்ன ஆகும்? சாப்பாட்டுல இருந்து வர்ற சர்க்கரை ரத்தத்துல இறங்குது. அதை உடம்போட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அனுப்புறது இன்சுலின். செல்லோட கதவு சரியாத் திறக்காம, இன்சுலினும் போதாமப் போச்சுன்னா சர்க்கரை ரத்தத்துலயே தேங்கும். உள்ள பசி, வெளிய குவியல். அதான் இளைச்சீங்க, அசந்தீங்க. கண்ணோட லென்ஸ்ல நீர் ஏறி இறங்கி மங்கலாத் தெரியுது.”

மாமா முதல் முறையாக வாயைத் திறந்தார். “நான்தான் காரணமா? தினம் பன் கொண்டுவந்து...” கையிலிருந்த மாவைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு பன்னால வர்றது இல்ல இது. பரம்பரை இருக்கு. பிள்ளை உண்டாகியிருக்கும்போது வந்தது இருக்கு. பதினாலு வருஷம் உக்காந்த வேலை இருக்கு. வயசு இருக்கு. நீங்க ஒருத்தரே தூக்கிக்கிட்டுப் போகாதீங்க” என்றார் டாக்டரம்மா. “ஆனா பை கொஞ்சம் சின்னதாகட்டும்.”

நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்.

“நீங்க யாரு?”

“கூடப் பொறந்த தம்பி.”

“நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க.”

மறுநாள் போனேன், சும்மா அக்காவின் வாயை அடைக்கத்தான். வெறும் வயிற்றில் நூற்றுப் பதினாறு. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சதவீதத்தில் சொல்லும் சோதனையில் ஆறு புள்ளி ஒன்று. அக்காவுக்கு அந்தச் சராசரி பத்து புள்ளி ஒன்று. நான் நிம்மதியாகிவிட்டேன். “எனக்கு இல்லல்ல?” என்றேன்.

“இன்னும் இல்ல” என்றார் டாக்டரம்மா. “அஞ்சு புள்ளி ஏழுக்குக் கீழ இருந்தா சரி. ஆறரையைத் தொட்டாலே நோய். நீங்க நடுவுல நிக்கிறீங்க. இங்கிருந்து திரும்பவும் முடியும். எடையில ஆறு கிலோ குறையணும், வாரத்துல அஞ்சு நாள் அரை மணி வேகமான நடை. இதை மட்டும் விடாமச் செஞ்சா, வர்ற வாய்ப்பு பாதிக்கும் கீழ குறையும்.”

வண்டியில் திரும்பும்போது நான் உற்சாகமாக இருந்தேன். அக்கா பின்சீட்டில் இருந்தாள். “பார்த்தியா, பார்டர்தான். பயந்து செத்தேன்” என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று தெருவெல்லாம் வெறும் நிறங்களாகத்தான் தெரிந்திருக்கும்.

“வண்டியை ஓரங்கட்டு” என்றாள்.

நிறுத்தினேன்.

“அந்த டெஸ்ட் சீட்டு இருக்குல்ல உன் சட்டைப் பையில. இருபது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு அதை யாரும் தரல. தந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல. ஒருவேளை மடிச்சு எங்கயாவது சொருகி வெச்சிருப்பேன். ஆனா உனக்குத் தந்திருக்காங்கடா. நீ சிரிக்கிற.” குரல் உயரவே இல்லை. “எனக்கு இனிமே ஆயுசுக்கும் மாத்திரை. பரவாயில்ல, போட்டுக்கிறேன். நீயும் வந்து பக்கத்துல உக்காராதே.”

நான் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, முதல் முறையாக முழுதும் படித்தேன்.

கண் பார்வை நிலையாகும்வரை கிரேன் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே கண்ணாடி போட ஓடாதீர்கள், சர்க்கரை இறங்க இறங்கப் பார்வை இன்னும் கொஞ்சம் தடுமாறும், ஆறு வாரம் பொறுங்கள் என்றார் டாக்டரம்மா. விழித்திரை, பாதம், சிறுநீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. அக்காவைத் தரைத்தள அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலையில் உட்காரவைத்தார்கள்.

அந்த ஆறு வாரமும் நாங்கள் இருவரும் விடியற்காலையில் அலைதடுப்புச் சுவரின் மேல் நடந்தோம். துறைமுகத்திலிருந்து கடலுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நீளும் கல்பாதை அது. கடைசியில் ஒரு சிறிய விளக்குக் கம்பம். முதல் நாள் நான் பாதியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூற்று இரண்டு கிலோவை எந்தக் கால் தாங்கும்? அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவளுக்குக் கல் தெரியாது. எனக்கு மூச்சு கிடையாது.

“அங்க என்ன தெரியுது, சொல்லு” என்பாள்.

“மீன்பிடிப் படகு. மூணு.”

“எனக்கு அரிசி கொட்டின மாதிரி இருக்கு. இன்னும்?”

“எண்ணெய்க் கப்பல் ஒண்ணு. நங்கூரம் போட்டிருக்கு.”

“அது கப்பலா! நான் யாரோ படுத்துத் தூங்குறாங்கன்னு நெனச்சேன்.”

அவள் கண்ட கடலை நான் கண்டதே இல்லை. பறவை பறந்தால் யாரோ கைக்குட்டை அசைப்பதாக இருக்கும். சூரியன் ஒரு தட்டு பழச்சாற்றைக் கவிழ்த்ததுபோல் தண்ணீரில் பரவும். கேட்டுக்கொண்டே நடந்ததில் தூரம் தெரியாமல் போனது. இரண்டாவது வாரம் விளக்குக் கம்பத்தைத் தொட்டேன். நாலாவது வாரம் உட்காராமல் தொட்டேன்.

ஒருநாள் அவள், “என் கால் வலிக்குதுடா, நல்லா இருக்கு” என்றாள். “எனக்குக் கால் இருக்குன்னே மறந்து போயிருந்தேன்.”

வீட்டில் தட்டு மாறியது. பாதித் தட்டு காய்கறி. கால் தட்டு சோறு அல்லது ரொட்டி. மீதிக் கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ. டீயில் சர்க்கரை நின்றது. முதல் வாரம் எனக்கு அது வெந்நீர் மாதிரி இருந்தது. மாமா முழுத்தானிய ரொட்டி சுட ஆரம்பித்தார். முதல் ரொட்டியை நறுக்கக் கத்தி திணறியது. “இதை வெச்சு வீட்டுக்குச் சுவர் எழுப்பலாம் மாமா” என்றேன். அவர் முறைத்தார். பத்தாவது ரொட்டி நன்றாக வந்தது. அதைக் காகிதப் பையில் போட்டு அக்கா முன்னால் வைத்துவிட்டு, அவள் கடிக்கும்வரை நகராமல் நின்றார்.

நான் யோக்கியன் இல்லை. நாலாவது மாதம், குளிர்பான பாட்டில் ஒன்றை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் அக்கா கண்டுபிடித்தாள். அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. மழைக்காலம் வேறு, நடைக்குப் போகாமல் நாலு வாரம் போர்வைக்குள்ளேயே கிடந்தேன். ஆறாவது மாதச் சோதனையில் என் சராசரி ஆறு புள்ளி இரண்டு. முதலில் இருந்ததைவிட அதிகம்! அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு மாடியறைக் கதவைத் தட்டினாள். குடை ஒன்று என் கையில், ஒன்று அவள் கையில்.

அக்கா அதற்குள் கிரேனுக்குத் திரும்பியிருந்தாள். எட்டாவது வாரம் கண் பரிசோதனையில் கடைசி வரிசை வரை படித்தாள். துறைமுக மருத்துவக் குழு அவள் சோதனைத் தாள்களைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டது. ஆனால் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குவேன், பத்து நிமிஷம் நடப்பேன், அப்போது மாற்று ஆள் ஏறட்டும். மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். “இத்தனை வருஷம் நான் இறங்காம உக்காந்தே இருந்ததுலதான் அன்னைக்கு உங்க கப்பலே நின்னுச்சு” என்றாள் அக்கா. ஒரு மாதம் இழுத்தடித்து ஒப்புக்கொண்டார்கள். பிறகு மற்ற மூன்று கிரேன்காரர்களும் அதையே கேட்டு வாங்கினார்கள்.

கொடிக்காரரும் சோதனை செய்துகொண்டார். அவருக்கு ஒன்றும் இல்லை. அதற்காக அவர் ஒரு நாள் முழுக்க எல்லோரிடமும் பெருமை பேசியதுதான் தாங்கமுடியவில்லை. அக்கா மகள் வெளியூரில் படிக்கிறாள். அவளையும் வரவழைத்துப் பார்த்தார்கள். இப்போதைக்கு இல்லை. ஆனால் தான் எந்த வயிற்றிலிருந்து வந்தோம், வருஷத்துக்கு ஒருமுறை ஏன் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நடுராத்திரி அரட்டையைக் குறைத்துத் தூங்கு என்று அக்கா சொல்வதை மட்டும் அவள் இன்னும் கேட்பதில்லை.

இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா தினமும் இரண்டு வேளை மாத்திரை போடுகிறாள். அவள் சராசரி ஆறு புள்ளி எட்டில் நிற்கிறது. சில மாதம் ஏழைத் தொடும், பிறகு இறங்கும். நோய் போகவில்லை. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. என் எடை எண்பத்து நாலு. போன மாதம் எனக்கு ஐந்து புள்ளி ஐந்து என்று வந்தது. டாக்டரம்மா, “நல்லது. அடுத்த வருஷமும் வரணும்” என்றார்.

அந்தத் தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அன்று அவளுக்கு ஓய்வு நாள். சாயங்காலம் சுவரின் மேல் நடந்தோம். கடைசி முனையில் நின்று எண்ணைப் படித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கி, தானே ஒருமுறை படித்தாள். என் தலையில் கை வைத்து, நான் நாலு வயசுப் பையன் மாதிரி, முடியைக் கலைத்துவிட்டாள்.

கப்பல் ஒன்று எங்களைத் தாண்டி மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது. தளத்தில் யாரோ ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அக்காவும் ஆட்டினாள்.

“யாருக்கா அது?”

“யாருக்குத் தெரியும்” என்றாள். “வா, திரும்பலாம். மாமா ரொட்டி ஆறிடும்.”